காரணமின்றி நின்றுபோகும் மேசைக் கணினி: ஓவர்கிளாக் கோளாற்றைக் கண்டுபிடிக்கும் முறை

விளையாட்டின் நடுவில் திரை கறுத்துப்போகிறது. மறுநாள் முழுவதும் ஒன்றும் நடப்பதில்லை. அதற்கு அடுத்த நாள், யூடியூப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத்திரை வந்து கணினி தானாகவே மறுபடியும் தொடங்குகிறது. வேகத்தைக் கூட்டி ஓட்டப்படும் மேசைக் கணினிகளில் அடிக்கடி காணப்படும் தொல்லை இது. வீட்டில் ஒருவர் ரேமை மாற்றச் சொல்வார், நண்பர் ஒருவர் பவர் சப்ளையைக் குறை சொல்வார், கடைக்காரர் விண்டோசை மறுபடியும் ஏற்றித் தருவார். சில நூறு ரிங்கிட் செலவான பிறகும் அதே நீலத்திரை வந்து நிற்கும்.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எல்லாவற்றையும் முதலில் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்ப வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் தேவையில்லாத பாகங்களை வாங்கும் செலவு மிஞ்சும். கணினிக்குள் இருக்கும் படங்களும் பாடக் கோப்புகளும் தப்பிக்கும்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

புராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று அடிப்படைத் துடிப்பு. இன்றைய மதர்போர்டுகளில் இது பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று பெருக்கி. 100 மெகாஹெர்ட்சை 42 ஆல் பெருக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரும். தயாரிப்பாளர் உறுதி கூறிய வேகத்துக்கு மேல் இதைக் கூட்டுவதே ஓவர்கிளாக்.

இது பழைய வித்தை. 1998ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ புராசசரை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100 மெகாஹெர்ட்சுக்கு மாற்றிப் பலர் 450 மெகாஹெர்ட்சில் ஓட்டினார்கள். மலிவான புராசசர் விலை உயர்ந்த புராசசருக்குச் சமமாக ஓடியதால் அது உலகெங்கும் பேசப்பட்டது. இன்று பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்து உள்ள இன்டெல் புராசசர்களிலும், ஏஎம்டி நிறுவனத்தின் பெரும்பாலான ரைசன் புராசசர்களிலும் பெருக்கியை மாற்ற முடியும்.

வேகம் கூடினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புராசசர் எடுக்கும் மின்சக்தி வேகத்துக்கு ஏற்ப நேராகவும், மின்னழுத்தத்துக்கு ஏற்ப இருமடிப் பெருக்கமாகவும் கூடும். வேகத்தை 10 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், மின்சக்தி ஏறக்குறைய 33 விழுக்காடு கூடிவிடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

அதோடு, ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு புராசசர்கள் ஒரே அளவு வேகத்தைத் தாங்குவதில்லை. ஒன்று தாங்கும் வேகத்தில் இன்னொன்று தடுமாறும். இணையத்தில் ஒருவர் காட்டும் எண்களை அப்படியே நம் கணினியில் போடுவது பல கோளாறுகளுக்கு ஆரம்பம்.

உரிமையாளருக்கே தெரியாத ஓவர்கிளாக்

‘நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லையே’ என்று பலர் சொல்வார்கள். ஆனாலும் அவர்களுடைய கணினி கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பழைய கணினி வாங்குவது. முன்பு வைத்திருந்தவர் பயாஸில் செய்த மாற்றங்கள் மதர்போர்டிலேயே தங்கிவிடும். விண்டோசைப் புதிதாக ஏற்றினாலும் அவை அழிவதில்லை.

இரண்டாவது, ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு. கடையில் 3600 வேகம் என்று விற்கப்படும் டிடிஆர்4 ரேம், இந்த அமைப்பை இயக்காவிட்டால் 2133 அல்லது 2400 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். இயக்கினால் அதன் மின்னழுத்தம் வழக்கமான 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏறும். பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் இதுவும் ஓவர்கிளாக்தான். புராசசருக்குள் இருக்கும் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதியும் சேர்ந்தே கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும்.

மூன்றாவது, மதர்போர்டு தானாகச் செய்யும் வேலை. சில மதர்போர்டுகள் புராசசரின் மின்சக்தி வரம்பைத் தாங்களாகவே தளர்த்தி வைத்திருக்கும்.

நான்காவது, தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்ட கிராஃபிக்ஸ் அட்டை. பெயரில் ‘ஓசி’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது இந்த வகை.

நின்றுபோவதைவிடப் பெரிய ஆபத்து

கணினி நின்றுபோவது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. கண்ணுக்குத் தெரியாத தொல்லை இன்னொன்று உண்டு. புராசசரோ ரேமோ தன் எல்லையைத் தாண்டி ஓடும்போது ஒவ்வொரு பிழையும் நீலத்திரையில் முடிவதில்லை. சில பிழைகள் ஓசையில்லாமல் கோப்புக்குள் புகுந்துவிடும். ஒரு படத்தை நகல் எடுக்கும்போது ரேமில் ஒரே ஒரு பிட் மாறினாலும், மாறிய தகவல்தான் வட்டில் பதியும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. பல மாதங்கள் கழித்துத் திருமணப் படத்தைத் திறக்கும்போது பாதிப் படம் சாம்பல் நிறமாக நிற்கும். சுருக்கிய கோப்பு பழுதாகிவிட்டது என்று செய்தி வரும். விண்டோசின் சொந்தக் கோப்புகளும் இதே வழியில் கெட்டுப்போகும்.

ஆகவே, அடிக்கடி நிற்கும் கணினியில் பள்ளிப் பிள்ளைகளின் செய்முறைப் பணிகளையும் குடும்பப் படங்களையும் கடைக் கணக்கையும் வைத்துக்கொண்டு, ‘மறுபடியும் தட்டினால் ஓடுகிறதே’ என்று விட்டுவைப்பது நல்லதல்ல.

முதல் வேலை: தொழிற்சாலை அமைப்பு

பலர் பயந்துபோய் உடனே எல்லாக் கோப்புகளையும் வெளிவட்டுக்கு நகல் எடுக்கத் தொடங்குவார்கள். வரிசை அதுவல்ல. தடுமாறும் கணினியில் எடுக்கும் நகலும் பழுதாகலாம். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகுதான் நகல். பழைய நல்ல நகல் ஏற்கெனவே இருந்தால், அதன்மேல் எழுதாமல் புதிய நகலைத் தனியாக வையுங்கள்.

பயாஸைத் தொடுவதற்குமுன் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் மாறியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டை அது கேட்கலாம். அந்தக் குறியீடு பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டு முறை, தொடக்க முறை ஆகியவை மாறி விண்டோஸ் திறக்காமல் போனால், அந்தப் படத்தைப் பார்த்துப் பழையபடி அமைத்துவிடலாம்.

கணினியைத் தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். அதில் இயல்புநிலை அமைப்பை ஏற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினி பயாஸ் வரைகூட வரவில்லை என்றால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டு மறுபடியும் போடலாம். டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகள் இதற்குப் பிறகு முதன்முறை தொடங்கும்போது சில நிமிடங்கள் கறுப்புத் திரையுடன் நிற்கும். ரேமை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து சுவிட்சை அணைக்க வேண்டாம்.

விண்டோசுக்குள் வேகம் கூட்டும் மென்பொருள் இருந்தால் அதையும் அகற்றுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்றவற்றில் சேமித்த அமைப்பு, பயாஸை மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

இப்போது முக்கியமான கோப்புகளை வெளிவட்டுக்கு நகல் எடுங்கள். சிலவற்றைத் திறந்து பாருங்கள். பிறகு கணினியை வழக்கம்போல் பயன்படுத்துங்கள். முன்பு நாளுக்கு ஒருமுறை நின்றது என்றால் ஒரு வாரமாவது பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை நின்றது என்றால் இன்னும் நீண்ட நாள் காத்திருக்க வேண்டும்.

ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் குற்றவாளி கூட்டிய வேகம்தான். புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தொழிற்சாலை அமைப்பிலும் நின்றால், காரணம் வேறெங்கோ இருக்கிறது.

எப்போது நிற்கிறது என்பதே முதல் துப்பு

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், அப்போது ஓடிய வேலை, திரையில் தெரிந்த செய்தி ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பத்துத் தடவை எழுதியதும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

நீலத்திரை எதுவும் இல்லாமல் சட்டென்று மின்சாரம் போனதுபோல் அணைந்தால், பவர் சப்ளை, மின் இணைப்பு, அதிக வெப்பம் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். பின்புற சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடியும் எழுகிறது என்றால், பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்கக்கூடும்.

திரை சில விநாடி கறுத்து, பிறகு திரும்பி வந்தால் கிராஃபிக்ஸ் அட்டை அல்லது அதன் டிரைவர். கிராஃபிக்ஸ் அட்டை 2 விநாடிக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் அதை மீட்டெடுக்க முயலும். அதுதான் இந்தக் காட்சி.

படம் உறைந்து, ஒலி ஒரே சத்தமாக இழுத்துக்கொண்டு நின்றால் புராசசர் அல்லது ரேம் என்று தொடங்கலாம். வெவ்வேறு வேலைகளில் வெவ்வேறு செய்திகளுடன் நின்றால் ரேம்மீது சந்தேகம் கூடும். பகலில் மட்டும் நின்றால் வெப்பம்.

விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு

விண்டோசிலும் ஒரு குறிப்பேடு உண்டு. தேடல் கட்டத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால், ஒவ்வொரு நாளும் நடந்த கோளாறுகள் சிவப்புக் குறியுடன் வரிசையாகத் தெரியும். இன்னும் விவரம் வேண்டுமானால் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியில் சிஸ்டம் பதிவுகளைப் பார்க்கலாம்.

அங்கே பலரைத் திசைதிருப்பும் ஒரு பதிவு உண்டு: கெர்னல்-பவர் 41. பெயரில் ‘பவர்’ என்று இருப்பதால் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்குவோர் பலர். அந்தப் பதிவின் பொருள், கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடியும் தொடங்கியது என்பது மட்டுமே. ஏன் அணைந்தது என்பதை அது சொல்வதில்லை.

கூடுதல் பயன் தருவது ‘வீயா-லாகர்’ பதிவு. வன்பொருளே தெரிவித்த பிழை அது. எண் 18 மீட்க முடியாத பிழையைக் குறிக்கும். எண் 19 புராசசர் தானே திருத்திக்கொண்ட பிழை. கணினி நிற்காமலேயே எண் 19 அடிக்கடி பதிவானால், எல்லைக்கு மிக அருகில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

நீலத்திரையில் வரும் பெயரும் துப்பு தரும். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’, ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ ஆகியவை ஓவர்கிளாக் செய்த கணினியில் வந்தால் பெரும்பாலும் புராசசரின் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ சுட்டும். ‘மெமரி மேனேஜ்மெண்ட்’ ரேமைச் சுட்டலாம். ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ கிராஃபிக்ஸ் பக்கம். இவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். கெட்ட ரேம் எந்தப் பெயரிலும் நீலத்திரையை வரவழைக்கும். விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் இதே செய்தி கறுப்புத் திரையில் வரும்.

நம் ஊர் வெப்பம்

ஓவர்கிளாக் காணொளிகள் பல குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே அறை 20 டிகிரி செல்சியசில் இருக்கும். நம் ஊரில் துத்தநாகக் கூரைக்குக் கீழே உள்ள அறை மதிய நேரத்தில் 33 டிகிரியைத் தாண்டிவிடும். அறை வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி புராசசரிலும் கூடும். இரவில் ஏர்கோன் போட்ட 24 டிகிரி அறையில் 85 டிகிரி காட்டிய புராசசர், மறுநாள் மதியம் ஏர்கோன் இல்லாமல் 94 டிகிரியைத் தொடலாம். ஆகவே சோதனையை இரவில் செய்யாமல், வீட்டின் மிக வெப்பமான நேரத்தில் செய்ய வேண்டும்.

இன்றைய புராசசர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரிக்குள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஆனால் ஓவர்கிளாக் செய்த புராசசர் அந்த எல்லையை எட்டுவதற்கு முன்பே தடுமாறலாம். சூடேறும்போது அதே வேகத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதே காரணம்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பாகத்தின் வெப்பத்தையும் காட்டும். எண்கள் உயர்ந்திருந்தால் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். காற்றாடிகள் எல்லாம் சுற்றுகின்றனவா, முன்புற வலையில் தூசி அடைத்திருக்கிறதா, குளிர்விப்பான் நன்றாக அழுத்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாலையோர வீடுகளிலும் செம்மண் தோட்டப்புறங்களிலும் சில மாதங்களிலேயே வலை அடைத்துவிடும். தூசியை ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புராசசர்மேல் தடவிய வெப்பப் பசை பல ஆண்டுகள் ஆகிக் காய்ந்திருந்தால் புதிதாகத் தடவ வேண்டும்.

ரேம் சோதனை

மெம்டெஸ்ட்86 என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோசைத் திறக்காமல் நேரடியாக அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். நான்கு சுற்றுகள் முடிய சில மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

இந்தச் சோதனையில் ‘ஓரிரு பிழை பரவாயில்லை’ என்பதே கிடையாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பை நம்பக்கூடாது. எக்ஸ்எம்பி இயங்கும்போது பிழை வந்து, அதை அணைத்தால் வரவில்லை என்றால் ரேம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அந்த வேகத்தை ரேமோ புராசசரோ மதர்போர்டோ தாங்கவில்லை. வேகத்தை ஒரு படி குறைத்தால் போதும், உதாரணமாக 3600லிருந்து 3200க்கு.

தொழிற்சாலை வேகத்திலும் பிழை வந்தால், ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே இடத்தில் செருகிச் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை என்றால் அந்த ரேம் கெட்டது. எல்லாவற்றிலும் பிழை என்றால் மதர்போர்டின் செருகுமிடம் அல்லது புராசசர். இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான மதர்போர்டுகளில் புராசசர் பக்கத்திலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களே சரியானவை. நான்கு இடங்களையும் நிரப்பினால் உயர்ந்த வேகம் எடுப்பது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புராசசர் சோதனை

பிரைம்95, ஓசிசிடி ஆகியவை புராசசரை முழு வேகத்தில் கணக்குப் போட வைத்து, விடையைச் சரிபார்க்கும். விடை தவறினால் உடனே சொல்லும். பிரைம்95இல் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ புராசசரை அதிகம் சூடாக்கும். ‘பிளெண்ட்’ ரேமையும் சேர்த்துச் சோதிக்கும். வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், சோதனையை விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம்.

முழுச் சுமையில் பல மணி நேரம் தாங்கிய கணினி, சும்மா இருக்கும்போது நிற்பதும் உண்டு. குறிப்பாக ரைசன் புராசசர்களில் ‘கர்வ் ஆப்டிமைசர்’ மூலம் மின்னழுத்தத்தை அதிகமாகக் குறைத்தவர்களுக்கு இது நடக்கும். சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் மிக உயர்ந்த வேகத்துக்குத் தாவும். அந்த நொடியில் மின்னழுத்தம் போதாமல் விழும். ‘யூடியூப் பார்க்கும்போது மட்டும் நிற்கிறது’ என்ற புகாருக்கு இது ஒரு விடையாக இருக்கலாம்.

கிராஃபிக்ஸ் அட்டை

பழைய டிரைவரை முழுவதும் அகற்றிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்ட அட்டை என்றால், ஆஃப்டர்பர்னரில் வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால் விடை கிடைத்துவிட்டது. அட்டையை ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுவதும் பலன் தரும். கனமான அட்டைகள் நாளடைவில் கீழ்ப்பக்கம் தொங்கி இணைப்புத் தளர்ந்துவிடும்.

பவர் சப்ளையும் வீட்டு மின்சாரமும்

பவர் சப்ளையின் 12 வோல்ட் இணைப்பு 5 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வோல்ட் வரை. மென்பொருள் காட்டும் எண் தோராயமானது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. நல்ல நிலையில் உள்ள இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அப்படி மாற்றும்போது பழைய பவர் சப்ளையின் உள்கம்பிகளைப் புதியதில் செருகவே கூடாது. செருகும் முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இணைப்பு வேறுபடும். பாகங்கள் எரிந்துவிடும்.

கிராஃபிக்ஸ் அட்டையில் இரண்டு மின்செருகிகள் இருந்தால், ஒரே கம்பியின் இரண்டு முனைகளைப் போடாமல் இரண்டு தனிக் கம்பிகளைப் பயன்படுத்துங்கள்.

கணினி செருகப்பட்ட அதே நீட்டிப்புப் பலகையில் இஸ்திரிப்பெட்டியோ நீர்க்கொதிகலனோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி அமைப்பு பழையதாக உள்ள வீடுகளில், பெரிய சாதனம் ஓடத் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் சற்று விழும். கணினியை நேரே சுவர் சுவிட்சில் செருகிச் சில நாள் பாருங்கள். இடிமின்னல் நேரத்தில் செருகியைக் கழற்றி வைப்பது நல்லது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தொழிற்சாலை அமைப்பிலும் நின்றால்

உடனே பாகங்களைக் குறை சொல்ல வேண்டாம். பல மாதங்கள் தடுமாறிய கணினியில் விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கலாம். உபுண்டு லினக்சைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதில் நிற்கவே இல்லை என்றால் விண்டோஸ், டிரைவர், அல்லது வட்டுப் பக்கம் தேடலாம். லினக்சிலும் நின்றால் வன்பொருள்.

வன்பொருளே தொழிற்சாலை அமைப்பில் தடுமாறிய நிகழ்வுகளும் உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசசர்கள் பலவற்றில் விளையாட்டுகள் காரணமின்றி நின்றுபோயின. பலர் ரேமையும் கிராஃபிக்ஸ் அட்டையையும் சந்தேகித்தார்கள். 2024ஆம் ஆண்டு, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் புராசசரைத் தேய்த்துவிடுவதாக இன்டெல் அறிவித்தது. பயாஸ் மூலம் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்த புராசசரைக் குணப்படுத்தாது. அப்படிப்பட்டதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஏஎம்டி ரைசன் 7000 எக்ஸ்3டி வகைப் புராசசர்கள் சில எரிந்துபோயின. ரேமின் எக்ஸ்போ அமைப்பை இயக்கும்போது சில மதர்போர்டுகள் ‘எஸ்ஓசி’ மின்னழுத்தத்தை அதிகமாக ஏற்றியது தெரியவந்தது. அதன்பின் வந்த பயாஸ் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது.

இந்த இரண்டு வகைகளில் ஒன்றை வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். ஆனால் தடுமாறும் வேகத்தில் ஓடும்போதோ, இடி இடிக்கும்போதோ பயாஸைப் புதுப்பிக்கக் கூடாது. பாதியில் நின்றால் மதர்போர்டே எழாமல் போகலாம்.

மறுபடியும் வேகம் கூட்ட விரும்பினால்

குற்றவாளி ஓவர்கிளாக்தான் என்று உறுதியான பிறகு, அதைக் கைவிடுவதா திருத்துவதா என்பது உரிமையாளரின் விருப்பம். திருத்த விரும்புவோர் முதலில் ரேமின் எக்ஸ்எம்பியை மட்டும் இயக்கி மெம்டெஸ்ட்86 ஓட்டட்டும். அது தேறிய பிறகு புராசசர், கடைசியாகக் கிராஃபிக்ஸ் அட்டை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சில நாள் இடைவெளி. இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்தால், எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தடுமாறும்போதெல்லாம் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது தவறான வழக்கம். இன்று நின்றுவிட்டதுபோல் தோன்றும் தொல்லை, புராசசர் தேயத் தேயத் திரும்பி வரும். வேகத்தை ஒரு படி இறக்குவதே நீண்ட நாள் மருந்து. உத்தரவாதம் உள்ள பாகத்தில் ஓவர்கிளாக் செய்வதற்குமுன் அதன் நிபந்தனைகளையும் படித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோவதற்குமுன்

தானே பார்க்க முடியாதவர்கள் குறிப்பேட்டையும் பயாஸ் படங்களையும் கடைக்காரரிடம் காட்டுங்கள். ‘தொழிற்சாலை அமைப்பில் ஒரு வாரம் ஓட்டினோம், இத்தனை முறை நின்றது’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. விண்டோசை மறுபடியும் ஏற்றுவதற்கு முன் ரேம் சோதனை செய்யச் சொல்லுங்கள். கெட்ட ரேம்மீது புது விண்டோஸ் ஏற்றினால் அதுவும் சில வாரங்களில் கெடும். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பழைய கணினி வாங்கும்போது கடையிலேயே பயாஸைத் திறந்து இயல்புநிலைக்கு மாற்றி, அரை மணி நேரமாவது சோதனை ஓட்டச் சொல்லுவது உங்கள் உரிமை.

ஓவர்கிளாக் தரும் கூடுதல் வேகம் இன்று பெரும்பாலும் சில விழுக்காடுதான். இன்றைய புராசசர்களும் கிராஃபிக்ஸ் அட்டைகளும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தம் எல்லைக்கு அருகில்தான் ஓடுகின்றன. விளையாட்டுக்கென்றே வைத்திருக்கும் கணினியில் அந்தச் சில விழுக்காட்டுக்காக மெனக்கெடலாம். பிள்ளைகள் படிக்கும், வீட்டுக் கணக்குப் பார்க்கும், தாத்தா பாட்டி படங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே கணினி அது என்றால், தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவைப்பதுதான் வீட்டுக்கு நல்லது.